பிரித்துத் தைத்த வருஷம்

ராஜப்பனுக்கு வேலை போனது போன வருஷம் கார்த்திகையில். போனது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "போகல, நானே வேணாம்னு குடுத்துட்டு வந்தேன்" என்பார். ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு சீட் செய்யும் ஒரு கம்பெனியில், தையல் பிரிவில், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இருந்தவர். அந்தப் பிரிவை மட்டும் குஜராத்துக்குக் கொண்டுபோவதாக முடிவானது. வருகிறவர்கள் வரலாம், வராதவர்கள் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடத் தெரிந்த மனுஷர், ஒரு வார்த்தை புரியாத ஊரில் போய் என்ன செய்வது என்று முடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த பிறகுதான் தெரிந்தது, வீட்டில் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று. முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்ற மூக்கண்டப்பள்ளித் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். ராஜப்பன் எழுந்து உட்கார்ந்துவிடுவார். குளித்து, சட்டை போட்டு, கம்பெனி வாசல் வரைக்கும் நடந்து, எதிரே இருந்த கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவார். அதற்குள் மனைவி மாதேஸ்வரி பாகலூர் ரோட்டில் ரோஜாத் தோட்டத்து வேனுக்குக் கிளம்பிப் போயிருப்பாள். அங்கே பேக்கிங் ஷெட்டில் பூக்களை நீளம் பார்த்துப் பிரித்துக் கட்டும் வேலை. ஆளில்லாத வீட்டில் ராஜப்பன் டேபிள் ஃபேனைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். சமையலறைப் பாத்திரங்களை உயரவாரியாக அடுக்கினார். ஒரு நாள் மளிகைச் சாமான் டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றி வைத்ததில், மாதேஸ்வரி சர்க்கரை என்று நினைத்து டீயில் உப்பைப் போட்டுவிட்டாள்.

"ஏங்க, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்" என்றாள். "ஒரு எடத்துல உக்காருங்க. கை சும்மா இருக்காதுன்னா எதையாச்சும் தைங்க. முப்பது வருஷமா அதத்தான பண்ணீங்க? என் போர்வை கிழிஞ்சு நார் நாரா தொங்குது, கண்ணுக்குத் தெரியலையா?"

ஓசூர்க் குளிர் தெரிந்தவர்களுக்கு அந்தப் பேச்சின் சூடு புரியும். மார்கழியில் விடிகிற நேரத்தில் வேனுக்காக நிற்கிறவளுக்கு ராத்திரித் தூக்கமாவது கதகதப்பாக இருக்க வேண்டும். ராஜப்பன் பீரோவுக்கு மேலே கிடந்த மூட்டையை இறக்கினார். பழம்புடவைகள், தன் லுங்கிகள், மகன் சுரேந்தர் காலேஜில் போட்ட சட்டைகள். அடுக்கடுக்காக விரித்து, மேலே சதுரம் சதுரமாகத் துண்டு வைத்து, கையால் ஓட்டுத் தையல் போட வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மா அதைக் கௌதி என்றாள். எதிர்வீட்டுத் தெலுங்குக்காரர் பொந்த என்றார். மாதேஸ்வரிக்கு அது போர்வை, அவ்வளவுதான்.

ராஜப்பன் தைத்ததெல்லாம் பவர் மிஷினில். பெடலை மிதித்தால் ரெக்சினும் ஃபோமும் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். கையால் தைக்கிறபோது ஊசி ஒரு விரல்கடை போவதற்குள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. தரையில் உட்கார்ந்து தைப்பார், வலது பாதம் மட்டும் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். மாதேஸ்வரி அதைப் பார்த்துச் சிரித்தாள். "மிஷினு இல்லீங்க அங்க, தரைதான் இருக்குது" என்றாள்.

முதல் போர்வை முதல் சலவையிலேயே சுருங்கி, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது. அவசரத்தில் நூலை இழுத்து இழுத்துத் தைத்திருந்தார். அதைப் பூராவும் பிரித்தார். மறுபடியும் தைத்தார். தை மாசத்தில் மாதேஸ்வரி அதைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். காலையில் வேனுக்குப் போகும்போது, "பழைய போர்வையத் தூக்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அங்கிருந்து ராஜப்பனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. குடும்பத்தில் யார் யாருக்கு என்று யோசித்து யோசித்துத் தைத்தார். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருந்த சுரேந்தருக்கும் மருமகளுக்கும் பெரிதாக ஒன்று. கொண்டுபோய்க் கொடுத்தபோது மகன், "அப்பா, சூப்பரா இருக்குதுப்பா" என்று வாங்கி வைத்துக்கொண்டான். பங்குனியில் அவர்கள் வீடு மாறியபோது உதவிக்குப் போன ராஜப்பன், வேனில் டிவியைச் சுற்றிக் கட்டியிருந்தது தன் போர்வைதான் என்று பார்த்தார். அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் வருகிற வரைக்கும் பஸ்ஸில் சீட்டின் ஓரத்தையே பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அடுத்ததை ஆரம்பித்தார்.

அடுத்தது ஊத்தங்கரையில் இருந்த அக்காவுக்கு. அதைத் தைத்து முடித்தது சித்திரையில். கொளுத்துகிற வெயிலில், தலையணை மாதிரி சுருட்டிக் கட்டிய போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஊத்தங்கரை போய் இறங்கினார். அக்கா வாசலில் நின்று அவரையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்டா, எங்க ஊர்ல துணி போட்டுக்கிட்டு இருக்கறதே கஷ்டமா இருக்குது. இதப் போத்திக்கிட்டா என்னைய அப்படியே அவிச்சு எடுத்துருவாங்கடா."

"மெத்தையாப் போட்டுக்கோக்கா."

"அது சரி." கட்டிலில் விரித்து உட்கார்ந்து பார்த்தாள். தடவிப் பார்த்தாள். பிறகு நேராகக் கேட்டாள். "எல்லாத்துக்கும் தைச்சியே, நாராயணனுக்குத் தைச்சியா?"

ராஜப்பன் தண்ணீர் செம்பை வாயிலிருந்து எடுக்காமலே தலையை ஆட்டினார், இல்லை என்று.

நாராயணப்பன் அவருடைய ஒரே தம்பி. சானமாவுக் காட்டை ஒட்டி ஒரு ஊரில், அப்பா வைத்துவிட்டுப் போன நிலத்தில் ராகியும் அவரையும் போடுகிறவர். ஆறு வருஷமாக அண்ணனோடு பேச்சு இல்லை. காரணம் நாராயணப்பனுடைய ஒரே மகள் மணிமேகலை. செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் வேலைக்குப் போன இடத்தில், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் விஜயகுமாரோடு பழகிவிட்டாள். வேறு சாதி. வீட்டில் சொன்னால் நடக்காது என்று தெரிந்து, ஒரு நாள் ஷிப்டு முடிந்த கையோடு, கம்பெனிக் கோட்டுகூடக் கழற்றாமல் பெரியப்பாவைத் தேடி வந்தாள். "பெரியப்பா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும்" என்றாள். வேறு எதையும் கேட்கவில்லை. ராஜப்பன் போய்ப் போட்டார். அந்த வருஷம் ஊர்த் திருவிழாவில், எல்லோரும் கேட்க, "எனக்குப் பொண்ணும் இல்ல, அண்ணனும் இல்ல" என்று நாராயணப்பன் சொன்னார். சொன்னபடியே இருந்தார்.

"அவன் காவலுக்குப் போறவன்டா" என்றாள் அக்கா. "யானை எறங்கற காலத்துல பரண் மேல ஒக்காந்து குளிர்ல நடுங்கறான். எனக்கு எதுக்குடா இந்த வெயில்ல இது?"

திரும்பி வரும் பஸ்ஸிலேயே ராஜப்பன் மனசுக்குள் துணி வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

தம்பிக்குத் தைத்தது கனமான போர்வை. உள்ளே இரண்டு பழைய கம்பளிகளையே வைத்தார். ஊசி ஏறாமல் விரல் புண்ணானது. ஆடிக் காற்று வீசுகிற நாளில், உத்தனப்பள்ளி போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, ஊர் விலக்கில் இறங்கி நடந்தார். நாராயணப்பன் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அவர் மனைவி செல்வம்மாள் வாசலில் வந்து, "வாங்க மாமா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

நாராயணப்பன் சாணிக்கூடையோடு பேசுகிற மாதிரி சொன்னார். "அந்த ஆளுக்கு மோர் குடு. வெயில்ல வந்திருக்கறாரு. குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

ராஜப்பன் மோர் குடித்தார். போர்வையை வாசற்படியில் வைத்தார். "குளிருக்கு ஆகும்" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். திரும்பி நடந்தார்.

அந்தப் போர்வை கன்றுக்குட்டியின் முதுகில் ஏறிவிட்டது என்று பிறகு தெரிந்தது. சாரல் மழையில் ஈன்ற கன்று. சொன்னது செல்வம்மாள்தான், போனில். "கோவிச்சுக்காதீங்க மாமா, கன்னுக்கும் குளிர்தான" என்றாள். ராஜப்பன், "அதுக்கென்ன" என்று சொல்லி போனை வைத்தார். அன்றைக்கு முழுக்க வீட்டில் இருக்க முடியவில்லை. ராயக்கோட்டை ரோடு வரைக்கும் நடந்தார். பஸ் ஸ்டாண்டைச் சுற்றினார். யாரையும் பார்ப்பதற்கில்லை. காய்கறி மார்க்கெட்டில் தேவையில்லாமல் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கி வந்தார். மாதேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் சட்னி அரைத்தாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் செல்வம்மாள். கையில் ஜவுளிக்கடைப் பை. தனியாக டவுனுக்கு வந்து பழக்கமில்லாதவள், நெற்றியெல்லாம் வேர்வை.

"ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு வந்தேன் மாமா. நாலு மணி பஸ்ஸுக்குப் போயிரணும்."

பையைத் தரையில் கவிழ்த்தாள். ஒரு பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை. குட்டி ஃபிராக்குகள் இரண்டு மூன்று. மஞ்சள் பார்டர் போட்ட பச்சைத் தாவணி. எல்லாம் பூச்சி உருண்டை வாசனையோடு.

"எம் பொண்ணுக்குக் கொழந்தை பொறந்திருக்குதாமே."

"ஆமா. பொம்பளப் புள்ள. நாலு மாசம் ஆவுது."

"ஆருமே எங்கிட்டச் சொல்லல. மாவு மிஷின்ல பேசிக்கிட்டாங்க." அழவில்லை. பாவாடையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். "இதெல்லாம் அவளது. டிரங்குப் பொட்டியில வெச்சிருந்தேன். எங்க வூட்டுலருந்து அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் போகல மாமா. ஒரு சின்னப் போர்வை தைச்சு நீங்களே குடுத்துருங்க. அவருக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

மாதேஸ்வரி வேலை முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் கைப்பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"வேணாங்க. ஒரு தடவ கையெழுத்து போட்டு அந்த வூட்டு வாசல் நமக்கு இல்லாமப் போச்சு. இப்ப அந்தப் பொம்பளைக்கும் இல்லாமப் பண்ணிராதீங்க."

"கேட்டு வந்தவள எப்படிம்மா அனுப்பறது?"

"நீங்க யாரத்தான் அனுப்பியிருக்கீங்க?" என்று உள்ளே போனாள்.

வருஷம் முழுவதும் தைத்ததில் அந்தக் குட்டிப் போர்வை அவரைப் படுத்தின மாதிரி எதுவும் படுத்தவில்லை. நீலத்தை நடுவில் வைப்பார். பார்த்தால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். ஓரத்துக்குத் தள்ளுவார். தாவணியை வெட்ட மனசு வராமல் நாலு நாள் தள்ளிப்போட்டு, கடைசியில் வெட்டினார். ஃபிராக்கில் ஒரு குட்டி பாக்கெட் இருந்தது, அதை அப்படியே விட்டார். தெருவில் வண்டி நின்றால் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பார். தம்பியின் வண்டியோ என்று. இல்லை என்று தெரிந்தால் ஏனோ அதுவும் ஏமாற்றமாக இருக்கும்.

ஐப்பசியில் அந்த வண்டி வந்தேவிட்டது. மழைக்குக் கம்பளி தேடி நாராயணப்பன் டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார். பெட்டி காலி. செல்வம்மாளால் பொய் சொல்ல முடியவில்லை. மொபெட்டை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். ஆறு வருஷத்தில் தலை பாதி நரைத்திருந்தது.

"எங்க அது?"

"உள்ள வா நாராயணா."

"உள்ள வர்றதுக்கு வரல. எங்க அது?"

அது தரையில்தான் கிடந்தது, பாதி தைத்தபடி, ஊசி குத்தினபடி. பார்த்ததும் நாராயணப்பன் தானாகவே உள்ளே வந்துவிட்டார்.

"வெட்டிட்டியா?"

"பாவாடைய வெட்டல. தையலப் பிரிச்சு அப்படியே வெச்சிருக்கேன். தாவணியத்தான்..."

"யாரக் கேட்டு?"

"செல்வம்மா குடுத்தா."

"அவள வுடு. என்னைய யாரு கேட்டது? அன்னிக்கும் கேக்கல. பொண்ணு எனக்குப் பொறந்தவ. ஆபீஸ்ல போயி நீ கையெழுத்து போடற. நான் களத்துல ராகி அடிச்சிக்கிட்டு நிக்கறேன். எனக்குப் பால்காரன் வந்து சொல்றான், உம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமேன்னு. பால்காரன்!"

"கேட்டிருந்தா நீ வுட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ராஜப்பனுக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், இவன் என் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டான் என்று ஒரு படபடப்பு.

நாராயணப்பன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "பிரி" என்றார்.

"என்னது?"

"எல்லாத்தையும் பிரிச்சுக் குடு. எந் துணி எனக்கு வேணும்."

ராஜப்பன் அரை பிளேடை எடுத்தார். கோபத்தில் முதல் இரண்டு துண்டுகளை விறுவிறுவென்று அறுத்தார். மூன்றாவதில் கை தானாக நிதானித்தது. தையலை ஒவ்வொன்றாக வெட்டி, நூலை ஊதித் தள்ளி, துண்டைத் தம்பியிடம் நீட்டினார். நாராயணப்பன் அதை முழங்கால் மேல் வைத்து உள்ளங்கையால் தேய்த்து மடித்தார். தெருவில் இஞ்சி, பூண்டு விற்கிறவனின் ஒலிபெருக்கி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

பச்சைத் தாவணியின் துண்டு கைக்கு வந்ததும் நாராயணப்பன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நான் வாங்குனது. ராயக்கோட்டை சந்தையில. அவளுக்குப் புடிக்கல. மஞ்ச பார்டர் வேணாம்னு அழுதா. அப்புறம் எல்லா விசேசத்துக்கும் இதத்தான் கட்டுனா."

இத்தோடு நிறுத்தச் சொல்லிவிடுவான் என்று ராஜப்பன் நினைத்தார். பிளேடைக்கூடக் கீழே வைத்தார்.

"மீதி?" என்றார் நாராயணப்பன்.

கடைசித் துண்டு வரைக்கும் வாங்கிக்கொண்டு, பையில் போட்டு, வண்டியில் மாட்டினார். கிளம்புவதற்கு முன் திரும்பிப் பார்த்துச் சொன்னார். "இனிமே என் வரப்புல கால் வெக்காத."

அதற்கப்புறம் வந்த வாரங்கள் ராஜப்பனுக்கு வேலை போன நாட்களைவிட மோசமாக இருந்தன. ஊசி நூலைத் தொடவில்லை. செல்வம்மாளிடமிருந்து போன் இல்லை. கூப்பிட்டுப் பார்க்கவும் பயம். அந்த வீட்டில் அவளுக்கு என்ன ஆனதோ, திட்டோடு நின்றதோ, கை நீட்டினானோ. படுத்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார். மாதேஸ்வரி, "நான் சொன்னேனா இல்லையா" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்து கேட்பதை விட்டாள். "அந்தப் பொண்ணுகிட்டப் போயிச் சொல்லுங்க. அவ சமாச்சாரம், அவளுக்கே தெரியாம நீங்க எல்லாரும் மென்னுக்கிட்டு இருக்கறீங்க" என்றாள்.

அது சரியாகப் பட்டது. வெறுங்கையோடு போக முடியாமல், மாதேஸ்வரியின் மெல்லிசான சின்னாளப்பட்டுப் புடவையில் அவசரமாக ஒரு குழந்தைப் போர்வை தைத்துக்கொண்டு, அவலப்பள்ளியில் மணிமேகலையின் வாடகை வீட்டுக்குப் போனார். விஜயகுமார் நைட் ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தான். ராஜப்பன் எல்லாவற்றையும் சொன்னார். அம்மா வந்தது, பாவாடை, தாவணி, அப்பா பிரித்து வாங்கிக்கொண்டு போனது.

கேட்டு முடித்ததும் மணிமேகலைக்கு வந்தது கோபம்.

"ஏன் பெரியப்பா, எங்கம்மா ஒளிஞ்சு ஒளிஞ்சு துணி கொண்டாருது. நீங்க ஒளிஞ்சு தைக்கறீங்க. அவரு வந்து பிரிச்சிட்டுப் போறாரு. நான் ஒருத்தி இங்க இருக்கேன். ஒருத்தராச்சும், 'மணி, நீ போயி உங்கப்பனப் பாரு'ன்னு சொன்னீங்களா?"

"வெட்டிப்புடுவேன்னு சொன்னவன்மா..."

"அது ஆறு வருஷம் முந்தி. வர்ற ஞாயித்துக்கெழம போறேன். நீங்க வேணா தொணைக்கு வாங்க."

"நானும் வரட்டா?" என்றான் விஜயகுமார்.

"இந்தத் தடவ வேணாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் விலக்கில் இறங்கியபோது ரோட்டில் ஜீப் நின்றிருந்தது. காட்டுக்குள் யானைக் கூட்டம் வந்திருப்பதாகவும், இடம் மாறுகிற வரைக்கும் யாரும் நடந்து போக வேண்டாமென்றும் வனத்துறைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. மணிமேகலை குழந்தையோடு ஒரு கல்லில் உட்கார்ந்து கொண்டாள். ராஜப்பனால் உட்கார முடியவில்லை. ஜீப்புக்கும் புளியமரத்துக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். "திரும்பிப் போயிரலாம்மா, இன்னொரு நாள்..." என்று ஆரம்பித்தால் அவள் பார்க்கிற பார்வையில் நிறுத்திக்கொள்வார். கூட்டம் அந்தப் பக்கத்து ஏரிக்குப் போய்விட்டது என்று கடைசியில் வழி விட்டார்கள்.

நிலத்தின் ஓரத்தில் ஒரு மரத்தடியில் ராஜப்பன் நின்றுவிட்டார். "இதுக்கு மேல நான் வரலம்மா. வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கான்."

அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. அறுத்த ராகி போர் போட்டிருந்தது. பரணுக்குக் கீழே நிழலில் நாராயணப்பன் குனிந்து உட்கார்ந்திருந்தார். மடியில் எதையோ வைத்துக்கொண்டு கையை உயர உயர இழுத்துக்கொண்டிருந்தார். கோணி தைக்கிறான் என்று ராஜப்பன் நினைத்தார். பிறகு மடியில் கிடந்ததில் பச்சை தெரிந்தது. நீலம் தெரிந்தது. ராஜப்பன் மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

மணிமேகலை வரப்பில் நடந்து போய் எதிரே நின்றாள். நாராயணப்பனின் கை அந்தரத்தில் நின்றது. எழுந்திருக்கவில்லை. எந்த நிமிஷம் அவன் எழுந்து கத்துவானோ, எந்த நிமிஷம் அவள் திரும்பி நடப்பாளோ என்று ராஜப்பன் மரத்துப் பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். வீட்டுப் பக்கமிருந்து செல்வம்மாள் முந்தானை பறக்க ஓடி வந்தாள். நாராயணப்பன் மடியில் இருந்ததை உதறி, வைக்கோல் மேல் விரித்தார். மணிமேகலை குனிந்து குழந்தையை அதன் மேல் படுக்க வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து செல்வம்மாள் ராஜப்பன் நின்ற இடத்துக்கு வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னம்மா சொன்னான்?"

"'புள்ளைக்கு ஏன் குல்லா போடல'ன்னாரு. அவ்ளோதான் மாமா. ஆறு வருஷத்துக்கு அப்புறம் பொண்ணப் பாத்துக் கேட்டது இதத்தான்." சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். "துணியக் கொண்டாந்து ஒரு வாரம் என்கிட்டப் பேசவே இல்ல. அப்புறம் கோணி ஊசியையும் சணலையும் எடுத்துக்கிட்டு ஒக்காந்துட்டாரு. மாமாகிட்டயே குடுத்துரலாமேன்னேன். மூட்டை தைக்கறவனுக்கு இது தைக்கத் தெரியாதாங்கறாரு."

"என்னையப் பத்தி?"

செல்வம்மாள் தயங்கினாள். "மரத்தடியில நிக்கறது ஆருன்னு கேட்டாரு. நீங்கன்னேன். ஒண்ணும் சொல்லல."

ராஜப்பன் தனியாகவே பஸ் ஏறித் திரும்பினார்.

இப்போது மறுபடியும் மார்கழி. ராஜப்பன் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு சீட் கவர் கடையில் பகலில் போய் உட்காருகிறார். பழைய மிஷின், சத்தம் அதிகம். ஆனாலும் பெடல் உண்டு. மாதேஸ்வரியின் போர்வை இரண்டாவது குளிரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. சுரேந்தருக்குக் கொடுத்தது அவன் வீட்டில் டிவிப் பெட்டியோடு பரணில் கிடக்கிறது. மருமகள் ஒரு நாள் எடுத்து வெயிலில் போட்டதாகச் சொன்னாள். அக்கா தன் போர்வை மேல் உட்கார்ந்து புளி கொட்டை எடுக்கிறாளாம். கன்று வளர்ந்துவிட்டது. அதன் போர்வை எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மணிமேகலை மாசத்துக்கு இரண்டு தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகிறாள். விஜயகுமாரை இன்னும் கூட்டிவரச் சொல்லவில்லை. ராஜப்பனையும் யாரும் கூப்பிடவில்லை. மாதேஸ்வரிக்கு அது பொறுக்கவில்லை. "எல்லாத்துக்கும் நடந்தவரு நீங்க. உங்களத்தான் வெளிய நிறுத்தியிருக்கறாங்க" என்பாள். "இருக்கட்டும்" என்று அவர் சொல்வார். சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

போன வாரம், கடையில் ஒரு ஆட்டோ சீட்டைப் பிரித்துப் போட்டிருந்தபோது போன் வந்தது. செல்வம்மாள் நம்பர். பேசியது அவள் இல்லை.

"சணலு இழுத்தா துணி கிழியுது" என்றது நாராயணப்பனின் குரல். வேறு எந்தப் பேச்சும் இல்லை. "கொழந்தை உருளும்போது பச்சைத் துண்டு ஓரத்துல வுட்டுருச்சு. என்ன பண்ணறது?"

ராஜப்பன் எழுந்து நின்றுவிட்டார். "சணலு வேணாம். கனமான பருத்தி நூலு வாங்கு. மெழுகுவத்தியில ஒரு இழுப்பு இழுத்துட்டுக் கோத்துக்கோ. கோணி ஊசி ஓட்டை பெருசு, அத எடுக்காத. கிழிஞ்ச எடத்துக்கு அடியில வேற துணி ஒண்ணு வெச்சு..." மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கம் போன் எப்போதோ வைக்கப்பட்டிருந்தது.

அதற்கப்புறம் ஆட்டோ சீட் வேலை ஓடவில்லை. ஊசி இரண்டு தடவை உடைந்தது. முதலாளியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே கிளம்பி, வீட்டுக்குப் போகாமல் பாகலூர் ரோட்டில் ரோஜாத் தோட்டத்து கேட்டில் போய் நின்றார். வேனில் ஏற வந்த மாதேஸ்வரி பயந்துபோய், "என்னாச்சுங்க?" என்று ஓடி வந்தாள்.

"நாராயணன் போன் பண்ணான்."

"என்ன சொன்னாரு?"

"நூலு கேட்டான்."

"நூலா? வேற?"

"வேற ஒண்ணும் இல்ல." பக்கத்தில் நின்ற பெண்கள் பார்ப்பதைக்கூட ராஜப்பன் கவனிக்கவில்லை. "எந்த நம்பர் நூல்னு சொல்ல வுட்டுட்டேன் மாதேஸ்வரி. கடைக்காரன் மெல்லிசா ஒண்ணக் குடுத்துட்டான்னா? நானே திரும்பக் கூப்புடட்டுமா?"

மாதேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"கூப்புடுங்க" என்றாள். "வேன் போனாப் போகட்டும். இங்கயே நின்னு கூப்புடுங்க."